பச்சைப் புள்ளி

யாரைப் புதைத்து மண் போட்டுவிட்டு வந்தோமோ அந்த ஆளே, திங்கட்கிழமை காலையில் டாணென்று வேலைக்கு வந்து நின்றால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? டீம் லீடருக்குப் போட்டது. லேப்டாப் திரையில் செத்துப்போனவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற கம்பெனி அது. ஆள் இருந்தால் பச்சை. கொஞ்ச நேரம் மவுஸ் அசையாவிட்டால் மஞ்சள். மஞ்சளைக் கண்டால் டீம் லீடருக்கு ஆகவே ஆகாது, "எங்க போனே?" என்று உடனே மெசேஜ் பறக்கும்.

செத்தவருக்கு மட்டும் சமீபகாலமாக அந்த மெசேஜே போனதில்லை. எப்போது பார்த்தாலும் பச்சை, எது சொன்னாலும் "சரி சார்". சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரே சரிசார். "இன்னைக்கு முடிப்பியா, நாளைக்கா?" என்று கேட்டபோதுகூட ஒருமுறை "சரி சார்" என்றுதான் பதில் வந்தது. அந்தப் பணிவை டீம் லீடர் மீட்டிங்குக்கு மீட்டிங் மெச்சியிருக்கிறார்.

இப்போது அவருக்கு டைப் செய்தார். "யார் இது?"

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "சரி சார்."

"எங்கேருந்து பேசறே?"

"சரி சார்."

லேப்டாப்பைப் படாரென்று மூடினார். பயம் ஒரு பக்கம் என்றால், அதைவிட மோசமான ஒன்று மூணு நாளாக அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

சரிசார் செத்த அன்று காலையில் ஒரு மெசேஜ் வந்திருந்தது. "உடம்பு ஒரு மாதிரி இருக்கு சார். டாக்டரைப் பாக்கணும். அரை நாள் லீவு வேணும்." இவர் உடனே பதில் போட்டார். "இன்னைக்கு முடியாது. நாளைக்குப் போ." வழக்கம்போல "சரி சார்" வந்தது. சாயங்காலம் சாவுச் செய்தி வந்தது.

"அவரே சரின்னுதானே சொன்னார்? அவ்வளவு முடியலன்னா அடம்பிடிச்சிருக்க மாட்டாரா?" அடக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னார். தன் மனைவியிடம் சொன்னார். ஷேவ் செய்யும்போது கண்ணாடியிடமும் சொன்னார். அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தூங்கினார்.

கம்பெனி லேப்டாப்பைத் திரும்ப வாங்கிவர வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். மனசு கேட்காமல் அவரே கிளம்பினார்.

சரிசாரின் மனைவி கதவைத் திறந்து உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். மேஜை பூராவும் துண்டு ஒயர்கள், ஈயம் பற்றவைக்கிற கருவி, பாதியில் விட்ட ஏதோ ஒரு குட்டி ரோபோ. நடுவில் லேப்டாப் திறந்திருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. திரையில் அம்புக்குறி மட்டும் இடதுபக்கம் நகர்ந்தது, நின்றது, வலதுபக்கம் நகர்ந்தது.

டீம் லீடர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா... யாரும்மா இதை அசைக்கறது?"

அவள் லேப்டாப்பின் விலாவைக் காட்டினாள். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு சின்ன போர்டு, யுஎஸ்பி துளையில் செருகியிருந்தது.

"அவர் செஞ்சதுதான் சார். ரெண்டு டீ விலைக்குக் கிடைக்குமாம். அவர் எழுதின புரோகிராமோட இதைச் செருகினா, கம்ப்யூட்டர் மவுசு, கீபோர்டுன்னே நம்பிடுமாம். பாத்ரூம் போனாக்கூட மஞ்சளாயிடுது, நீங்க திட்டறீங்கன்னு ஒருநாள் உக்காந்து செஞ்சார். எழுந்திருக்கும்போதெல்லாம் இதைச் செருகிட்டுத்தான் போவார். மவுசை ஆட்டிட்டே இருக்கும், வேலை நாள்ல ஆபீஸ் நேரத்துல மட்டும் நடுநடுவே உங்களுக்கு 'சரி சார்'னு அடிச்சு அனுப்பும். கடைசியா எழுந்தப்போ செருகினது அப்படியே இருக்கு. பிடுங்க எனக்கு மனசு வரல."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. டீம் லீடரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

பேய் இல்லை என்றதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை நாள் ஒரு துண்டு போர்டிடம் ஏமாந்திருக்கிறோமே என்று கோபம்கூட லேசாக எட்டிப்பார்த்தது. அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது.

"அன்னைக்கு... லீவு முடியாதுன்னு நான் போட்டதுக்கு சரின்னு சொன்னது?"

"அதுவும் இதுதான் சார்."

பிடித்திருந்த கயிறு அறுந்துவிட்டது. ஆனாலும் மூழ்குகிறவன் கைக்கு இன்னொன்று அகப்பட்டது. "அப்போ நான் முடியாதுன்னு சொன்னதை அவர் பாக்கவே இல்லையா? சொல்லும்மா. பாக்கவே இல்ல, இல்லையா?"

அவள் போர்டைத் தூசு தட்டுவதுபோல் விரலால் தடவினாள்.

"லீவு கேட்டுட்டு, இதைச் செருகிட்டு சட்டை மாத்த வந்தார் சார். 'முடியாதுன்னு சொன்னா இன்னைக்கு விடப்போறதில்ல, போன் போட்டுச் சண்டை போட்டாவது போயிடறேன்'னு சொல்லிட்டேதான் பட்டன் போட்டார். அப்புறம் வந்து ஸ்கிரீனைப் பாத்தார்."

"பாத்துட்டு?"

"'அதான் நானே சரின்னு சொல்லிட்டேனே'ன்னு சட்டையைக் கழட்டிட்டு வேலைக்கு உக்காந்துட்டார்."