கையெழுத்து ஒன்று போதும்

"இறந்தவர் உங்களுக்கு ரத்த உறவா மேடம்? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

அக்ராவில் இருந்த ஆன்லைன் படிப்பு நிறுவனத்தின் உதவி மையத்திலிருந்து பேசியவன் பெயர் எபோ. குமாசியில், டுஃபியின் சடை பின்னும் கடையில், போனை ஸ்பீக்கரில் போட்டு, பாதி பின்னிய தலையோடு உட்கார்ந்திருந்த செர்வாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"ரத்த உறவு இல்லை தம்பி. அவர் யாருன்னா..."

"இல்லைன்னு போட்டுக்கறேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா சீக்கிரம் முடிஞ்சிடும் மேடம்."

செர்வா ஆஸ்பத்திரிக் கணக்குப் படிப்பில் சேர்ந்ததே ஒரு வேலைக்காகத்தான். வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழைக் காட்டினால் மாவட்ட மருத்துவமனையில் நிரந்தர வேலை. பாக்கி இருந்தது கடைசிப் பாடம் மட்டும். அந்த நேரம் பார்த்து இந்தச் சாவு. பந்தல், சமையல், வெளியூர் ஆட்கள் என்று அலைந்துவிட்டுத் திரும்பினால், 'உங்கள் காலக்கெடு முடிந்துவிட்டது' என்று திரையில் வந்தது. உள்ளேயே போக முடியவில்லை. சாவைச் சொல்லி அவகாசம் கேட்கத்தான் இந்தப் போன்.

"சாவுக்கு ஆதாரம் இருக்கா மேடம்?"

"போஸ்டரைப் படம் பிடிச்சு அனுப்பினேனே. ஊர்ச் சுவர் பூரா அதான் ஒட்டியிருக்கு."

"பார்த்தேன். சிவப்பும் கறுப்புமா நல்லாத்தான் அடிச்சிருக்காங்க. ஆனா அவர் குடும்பப் பேரும் உங்க குடும்பப் பேரும் ஒத்துப்போகலையே. இந்தச் சாவு செல்லாது."

"சாவு செல்லாதா?" என்றாள் டுஃபி, சீப்பும் கையுமாக. "அப்போ எழுந்து வரச் சொல்லேன்!"

"தம்பி, கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. அவர் இல்லாம இந்தப் படிப்பை என்னால முடிக்கவே முடியாது." செர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கமான மனிதர். நினைத்தாலே அழுகை வந்தது.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் ஆடு செத்துப்போச்சுன்னு அவகாசம் கேட்டார்."

"ஆட்டுக்காவது குடுத்தியாப்பா?" என்று டுஃபி குறுக்கே புகுந்தாள்.

"ஆடும் ரத்த உறவு இல்லையே அக்கா."

செர்வா மூக்கை உறிஞ்சினாள். "வேலை கைவிட்டுப் போயிடும் தம்பி. வேற வழியே இல்லையா?"

எபோவுக்கும் மனம் இளகியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அழாதீங்க மேடம். ஒரு வழி இருக்கு. உங்க பாட ஆசிரியர் ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா போதும். இன்னிக்கே திறந்து விட்டுடறேன்."

சடை பின்னிக்கொண்டிருந்த டுஃபியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி, அதைத்தான் நான் முதல்லேருந்து சொல்ல..."

"இருங்க, ஆசிரியர் பேரைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க. க்வாபெனா அம்பொன்..."

குரல் நின்றது. கணினியை அவசரமாகத் தட்டும் சத்தம் கேட்டது.

"மேடம்... இந்தப் போஸ்டர்ல இருக்கிறவருக்குத்தான், மாணவர்கள் அனுப்பின பயிற்சிகளைத் திருத்தாம சும்மா இருக்கார்னு நேத்து நாங்க கடைசி எச்சரிக்கை அனுப்பினோம்!"