ஒன்றுக்கு ஒன்று

காவலர் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே போய்ப் பாறை விளிம்பில் நின்றுவிட்டார். சாவடியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி விழ வேண்டிய எல்லைக்கோடு, பள்ளத்தாக்கின் அந்தரத்தில் இருந்தது.

"விடுங்க. அங்க நின்னு யாரும் பிரசாரம் பண்ணப்போறதில்ல," என்றார் தலைமையாசிரியை. கீழே ஒரு பள்ளிக்கூடம் அவர் பொறுப்பில் இருக்கிறது. இன்று இந்த மலைக்கு அவர்தான் தேர்தல் அதிகாரி.

நேற்றுக் காலை கிளம்பி ஏறியிருக்கிறார்கள். அவர், காவலர், வாக்கு இயந்திரத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி முதுகில் கட்டி வந்த சுமையாள், இரண்டு வேட்பாளர்களின் முகவர்கள். ஒருவருக்குப் பெரிய மீசை. மற்றவருக்குக் கண்ணாடி.

இத்தனை பேரும் என் ஒரு வாக்குக்காக.

இந்த உச்சியில் வானிலை நிலையத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மழையையும் காற்றையும் அளந்து கீழே சொல்வது என் வேலை. போன தேர்தலில் நாங்கள் இரண்டு பேர். சென்ற மழைக்காலத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. சுமந்து இறக்குவதற்குள் போய்விட்டாள்.

ஒருவர் மிச்சமிருந்தாலும் சாவடி உண்டு. சட்டம் அப்படி.

கருவி அறையில் என் மேசையை ஒழித்து, அட்டைத் தடுப்பை நிறுத்தி, உள்ளே இயந்திரத்தை வைத்தார்கள். தலைமையாசிரியை வாசலுக்கு வந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டார். ஆளில்லாத சரிவைப் பார்த்து, வாக்குப்பதிவு தொடங்குகிறது என்று உரக்க அறிவித்தார்.

மேகம் ஒன்று அவருக்குக் கீழே நகர்ந்து போனது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாதக்கணக்காக இந்த உடம்பில் எதுவும் நடந்திருக்கவில்லை.

"வரிசையில வாங்க சார், தள்ளாதீங்க," என்றார் காவலர்.

நான் வாசலைத் தாண்டவில்லை.

"போன தடவை இங்க ஒண்ணுக்கு ஒண்ணு," என்றார் மீசைக்காரர். "வீட்டுக்குள்ளயே கூட்டணி உடைஞ்சிடுச்சு."

"இந்தத் தடவை மறைக்க முடியாதில்ல," என்றார் கண்ணாடிக்காரர். "சார் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா, அன்னிக்கு அவங்க எந்தப் பக்கம்னும் தெரிஞ்சிடும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் வரும். அதே இரண்டு பேர்தான் மறுபடியும் நிற்கிறார்கள்.

யாருக்குப் போடப்போகிறாள் என்று அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. "கல்யாணம் உங்களோட. ஓட்டு என்னோடது," என்றாள். முடிவு வந்த அன்று ஒன்றுக்கு ஒன்று என்றதும், நான் என்னுடையதைக் கழித்துவிட்டுச் சிரித்தேன். "கழிக்கத் தெரியாத ஆளாப் பாத்துக் கட்டியிருக்கணும்," என்று தலையணையை வீசினாள்.

அதன்பிறகு அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அவள் துணிமணிகளை மாமியார் எடுத்துப் போனார். அவள் உட்கார்ந்த நாற்காலியை அலுவலகம் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டது. யாரும் கைவைக்காமல் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

"நான் போடலம்மா," என்றேன் தலைமையாசிரியையிடம். "போட்டா தெரிஞ்சிடும்."

அவர் என்னைப் பார்த்தார். முகவர்களைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து, மடித்த சான்றிதழ் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார்.

"எனக்கும் இந்தத் தொகுதியிலதான் ஓட்டு. தேர்தல் வேலைல இருக்கறவங்க வேலை பாக்கற சாவடிலயே போட்டுக்கலாம்."

"மேடம், நீங்க கீழ போய்..." என்று இழுத்தார் கண்ணாடிக்காரர்.

"நான் போய்ச் சேர நாளைக்கு ஆயிடும்பா. உங்க தலைவர் அதுவரைக்கும் காத்திருப்பாரா?"

தன் பெயரைத் தானே உரக்க வாசித்தார். தன் விரலில் தானே மை வைத்துக்கொண்டார். தடுப்புக்குள் போனார். இயந்திரம் நீளமாக ஒலித்தது.

"இப்ப நீங்க வாங்க தம்பி."

மீசைக்காரர் கொட்டாவி விடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே இரண்டு பொத்தான்கள். போன முறை அவள் இங்கே வெகுநேரம் நின்றாள். "பரீட்சையா எழுதற?" என்று வெளியிலிருந்து கத்தினேன். இன்று நானும் வெகுநேரம் நின்றேன். யாரும் கத்தவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினேன். அந்த ஒலி கூரையைத் தாண்டி மலைக்கு மேலே போனது.

மாலையில் இயந்திரத்துக்கு முத்திரை வைக்குமுன், மொத்தம் எத்தனை என்று அழுத்திக் காட்டினார்கள். இரண்டு என்றது. அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆனால் இரண்டும் ஒரே பக்கம் விழுந்திருந்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். எண்ணும் நாள்வரை எனக்குச் சரியான தூக்கமில்லை.

அன்று மீசைக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"திரும்பவும் ஒண்ணுக்கு ஒண்ணு சார். உங்க மலை எங்களுக்குப் பிடிபடவே மாட்டேங்குது."

வெளியே வந்து பாறை விளிம்பில் நின்றேன். சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியவில்லை.

தலைமையாசிரியை இந்நேரம் தன்னுடையதைக் கழித்துப் பார்த்திருப்பார். நான் யாருக்குப் போடுகிறவன் என்று தெரிந்துவிட்டதாக நினைத்திருப்பார். யாரிடமும் சொல்ல மாட்டார்.

அவர் நினைப்பது தவறு. போன முறை நான் அழுத்திய பொத்தானை இந்த முறை அழுத்தியவர் அவர்.

நான் அழுத்தியது, அவளுடையதை.