கூப்பிட்ட கை

கப்பல் பீரங்கிகள் ஓய்ந்ததும் அவன் குகைச் சுரங்கத்திலிருந்து தலையை நீட்டினான்.

கடற்கரை முழுக்க அமெரிக்கர்கள். படகுகளின் முன்கதவு விழ விழ, இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். குன்றின் மேலிருந்த ஜப்பான்காரனின் இயந்திரத் துப்பாக்கி பாதிப் பேரைத் தண்ணீரிலேயே படுக்க வைத்தது. மிச்சம் பேருக்கு வெறி பிடித்துவிட்டது.

ஒவ்வொரு குகையாக வந்தார்கள். குகை வாசலில் குழாயை வைத்து நெருப்பைப் பீய்ச்சினார்கள். உள்ளே யார் என்று கேட்கிற நிலையில் எவனும் இல்லை.

அவன் ஜப்பான்காரன் இல்லை. சிங்கப்பூரில் பிடிபட்டு, மண் தோண்டுவதற்காக இந்தப் பசிபிக் தீவில் கொண்டுவந்து கொட்டப்பட்ட மதராஸ் சிப்பாய்களில் ஒருவன்.

உள்ளே இன்னொருவன் கிடந்தான். ஹவில்தார் ஆசீர்வாதம். குண்டு அதிர்ச்சியில் உத்தரம் சரிந்து கால் நசுங்கியிருந்தது.

ஆசீர்வாதமாம். வைத்தார்கள் பார், பெயர்.

ஒரு வள்ளிக்கிழங்கைத் திருடித் தின்ற சின்னராசை ஜப்பான்காரனிடம் காட்டிக்கொடுத்த புண்ணியவான். சின்னராசை எல்லோர் கண்ணெதிரிலும் அடித்தே கொன்றார்கள். ஆசீர்வாதம் இந்தத் தீவை விட்டு உயிரோடு போகக் கூடாது என்று அன்றைக்கே கைதிகள் சத்தியம் பண்ணினார்கள். அவனும்தான் பண்ணினான்.

“நீ போயி நாம இந்தியா ஆளுங்கன்னு சொல்லுடா. சொல்லிட்டு என்னைக் கூப்புடு. நீ கூப்புட்டாத்தான் வருவேன்.”

சாகிற நேரத்திலும் ஆசீர்வாதத்துக்கு அதிகாரம் குறையவில்லை.

அவன் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

“இண்டியன்! பிரிட்டிஷ் ஆர்மி! பிரிசனர்!”

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எலும்பும் தோலுமான அந்தக் கறுத்த உடம்பை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அமெரிக்க சார்ஜெண்ட் துப்பாக்கியைத் தாழ்த்தினான். குகையைக் காட்டி ஏதோ கேட்டான். வேறு யாராவது உண்டா என்பதுதான்.

குழாய்க்காரன் வாசலில் தயாராக நின்றான்.

சும்மா இருந்தால் போதும். கை அழுக்காகாது. சத்தியமும் நிறைவேறிவிடும்.

ஏற்கெனவே தப்பி வந்த கைதிகள் கீழே மணலில் குந்தியிருந்தார்கள். எல்லாக் கண்களும் அவன் மேல்தான். விட்டுத் தொலை என்றன.

அவன் குகைப் பக்கம் திரும்பினான்.

ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை. வெறுப்பு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் இருட்டுக்குள் ஒருவன் தன்னையே நம்பிப் பார்த்துக்கொண்டு கிடக்கிறானே.

குரல் எழும்பவில்லை.

கையை நீட்டினான். உள்ளங்கையைக் கவிழ்த்து, நான்கு விரல்களையும் மடக்கி மடக்கி அசைத்தான். பந்தியில் இடம் பிடித்துவைத்து ஆளைக் கூப்பிடுவோமே, அப்படி.

வா. வந்துவிடு.

ஆசீர்வாதம் கையூன்றி இழுத்து இழுத்து வந்தான். வெளிச்சத்தின் ஓரத்தில் அவன் முகம் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தான்.

அமெரிக்கன் கூப்பிட்டால் உள்ளங்கை வானத்தைப் பார்க்கும். தரையைப் பார்த்தால், போ என்று அர்த்தம். சார்ஜெண்டுக்கு அது மட்டும்தான் தெரியும்.

“கோ பேக்ங்கறான்! உள்ளே ஒளியச் சொல்றான்!” என்று அவன் இங்கிலீஷில் அலறியது இவனுக்குப் புரிந்தது. வாய் திறப்பதற்குள் குழாய் நெருப்பைக் கக்கிவிட்டது.

பிறகு துப்பாக்கிக் கட்டை அவன் முதுகில் இறங்கியது. ஜப்பான்காரனைக் காப்பாற்றப் பார்த்த நாய் என்றார்கள். காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மற்ற கைதிகளுக்கு நடுவே போட்டார்கள்.

சின்னராசின் ஊர்க்காரன் மாணிக்கம் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

“வரச்சொல்லித்தான்யா கூப்பிட்டேன்,” என்றான் அவன், காற்றாகிப்போன குரலில்.

“தெரியும்டா,” என்றான் மாணிக்கம், அவன் தோளைத் தட்டிக்கொடுத்து. “எல்லாரும் பாத்தோமே. சத்தியத்தைக் காப்பாத்திட்டே.”