ஓரிமோ வீட்டு வாள்

"எத்தனையோ தலைமுறையா இந்த வாள்ல ஒரு புள்ளி துரு கிடையாது. இவ வந்ததும் துருவும் வந்துடுச்சு."

ஓரிமோ வீட்டுத் தோமே அம்மாள் மருமகளின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். மருமகள் கனாயே தரையில் நெற்றி படக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

வாள்களுக்கு மெருகிடும் இசுருகி தன் பட்டறையில் உட்கார்ந்தபடி வாளைக் கையில் வாங்கினார். உறையிலிருந்து உருவியதுமே அவருக்கும் கோபம்தான் வந்தது.

பிஸென் நாட்டுக் கொல்லன் யாரோ, எஃகை மடித்து மடித்து அடித்து, மரத்தின் ரேகைபோல உள்ளே ஓடவிட்டிருந்தான். விளிம்பை ஒட்டிக் கிராம்பு மொட்டுகளை அடுக்கினாற்போல ஒரு வெள்ளை அலை. பல நூறு வருஷமாக அழியாமல் வந்த வேலை. அதன் நடுவே கறுத்துப்போன துரு.

அவ்வப்போது துடைத்து எண்ணெய் பூசி வைக்க இவர்களுக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டார்.

இலையுதிர் காலக் கண்காட்சிக்கு வாளைத் தரும்படி அருங்காட்சியகத்தில் கேட்டிருந்தார்கள். அதற்காக எடுத்தபோதுதான் துரு தெரிந்ததாம். சாமான் அறை மருமகளின் பொறுப்பு. தங்கள் ஊரான முரகாமியிலிருந்து ரயிலில் வரும் வழியெல்லாம் மாமியார் இதையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

இசுருகி வாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

ஈரத்தில் பிடிக்கிற துரு புள்ளி புள்ளியாகப் பரவும். இது அப்படி இல்லை. ஒரு பக்கம் வரிசையாக நான்கு பட்டைகள். திருப்பினால், மறுபக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு.

கனாயே தேநீர்க் கோப்பையை எடுத்தாள். அவளுடைய விரல்களின் உட்புறம், குறுக்கே ஒரே கோடாகப் பழைய தழும்பு.

மாமியார் கை கழுவ உள்ளே போனதும் இசுருகி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எப்ப நடந்தது இது?"

கனாயே கையை மடியில் மறைத்துக்கொண்டாள். உள்கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

கணவன் நடத்திவந்த அரிசி மது ஆலை மூடப்பட்ட வருஷம். ஒரு மத்தியானம் அவன் இந்த வாளை உருவி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் ஓடிப்போய் வெறுங்கையால் வாளைப் பிடித்துக்கொண்டாள். அவன் விடுகிறவரை அவளும் விடவில்லை. அப்புறம் பதற்றத்தில் ரத்தத்தை அரைகுறையாகத் துடைத்து உறையில் போட்டுவிட்டாள். இப்போது அவன் சோயா விழுது விற்கும் ஒரு மிசோ கடையில் வேலைக்குப் போகிறான். ராத்திரி தூங்குகிறான்.

"அத்தைக்குத் தெரியாது. மீன் வெட்டும்போது கை பட்டுடுச்சுன்னு சொல்லியிருக்கேன். ஒரே பிள்ளை. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க. நான் பொறுப்பில்லாதவளாவே இருந்துட்டுப் போறேன், ஐயா. நீங்க ஒரு தடம் விடாம எடுத்துடுங்க."

தோமே அம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

உறையின் மரம் ஈரம் வாங்கியிருக்கிறது, இதில் யார்மேலும் தப்பில்லை என்றார் இசுருகி. வேலை விஷயத்தில் அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லை. காது சிவந்தது.

"உறை தானாவா ஈரம் வாங்கும்? வெச்சவ சரியா வைக்கல" என்றாள் தோமே அம்மாள்.

கனாயே மறுபடி குனிந்தாள்.

ஒவ்வொரு மெருகும் வாளின் உடம்பைக் கொஞ்சம் தின்னும். ஆழமான துருவை முழுக்க எடுக்க இசுருகி எப்போதும் ஒப்புக்கொள்வதில்லை. கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பார். இந்தத் தடவை அப்படி விடவில்லை. முரட்டுக் கல்லில் தொடங்கி, கல் மாற்றிக் கல்லாகத் தேய்த்தார். கடைசியில் காகிதம்போல மெலிந்த கல் சீவலைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துத் தடவித் தடவி, வெள்ளை அலையை மீட்டுக்கொண்டு வந்தார். நான்கு பட்டைகளும் மறுபக்கத் திட்டும் போயின.

வாளை வாங்கிப்போகத் தோமே அம்மாள் தனியாக வந்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துரு இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலையே."

"தெரியாது."

இசுருகிக்கு மனசு கேட்கவில்லை. "இனிமேலாவது மருமகளைத் திட்டாதீங்கம்மா. அவங்க மேல தப்பில்ல" என்றார்.

தோமே அம்மாள் வாளை உறையில் செருகி, பட்டுப் பைக்குள் வைத்து, கயிற்றை நிதானமாக முடிந்தாள்.

"அன்னிக்குக் காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் நான்தான் நின்னுட்டிருந்தேன். பெத்தவ எனக்குக் கால் நகரல. அவ ஓடினா."

இசுருகி திகைத்துப்போனார். "அப்புறமும் ஏம்மா இப்படி..."

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ இத்தனை வருஷமா பாடுபடறா. நான் திட்டறத நிறுத்தினா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்."