மூன்று தடவை கேட்க வேண்டும்

"எதுக்கு மன்னிப்பு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள் பிரோஷ்கா, கரண்டியைக் கீழே வைக்காமல்.

ஷாமு சமையலறை வாசலில் திருதிருவென்று விழித்தபடி நின்றார். சூரியன் மறைந்தால் யூதர்களின் பெரிய விரதம் தொடங்கிவிடும். அதற்குள் யார் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பிரார்த்தனை மேலே போகாது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் இதே வாசலில் நின்று அவர் கேட்பார். "சரி சரி, கை கழுவிட்டு வாங்க" என்பாள் அவள். அவ்வளவுதான் சடங்கு.

"எதுக்குன்னா? தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்."

"மொத்தமா கேட்டு மொத்தமா வாங்கிட்டுப் போக இது என்ன சந்தையா? ஒண்ணொண்ணா சொல்லிக் கேளுங்க. இப்ப கேட்டது முதல் தடவை. மன்னிக்கல."

ஷாமு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். இவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. ஆனால் எது?

"பிரோஷ்கா, இருட்டறதுக்குள்ள நான் கோயிலுக்குப் போகணும். அப்பாவோட வெள்ளை அங்கியைப் போட்டுக்கிட்டு நிக்கும்போது மனசுல பாரம் இருக்கக் கூடாது." மூக்கை உறிஞ்சினார். "என்னமோ கருகின வாசனை வருதே?"

"உருளைக்கிழங்கு அடிபிடிச்சிருக்கும். பேச்சை மாத்தாதீங்க."

ஷாமு நாற்காலியில் உட்கார்ந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வாயைத் திறந்தார்.

"உங்கம்மா பிறந்த நாள் விருந்தன்னிக்கு எனக்கு இடுப்பு வலியெல்லாம் இல்ல. குளத்துல உட்கார்ந்து சதுரங்கம் ஆடினேன்."

கரண்டி நின்றது.

"நான் போகும்போது கண் கலங்கி, வெந்நீர்ப் பை வெச்சுட்டுப் போனேனே. வெந்நீர்ப் பை!"

"வெந்நீர்லதான் இருந்தேன்" என்றார் ஷாமு பரிதாபமாக. பெஸ்ட் நகரத்துப் பொதுக் குளங்களில் ஊறுவது வெந்நீர்தான்; ஆண்கள் அதில் அமிழ்ந்தபடியே சதுரங்கம் ஆடுவார்கள்.

"வேற?"

அவள் குரலைக் கேட்டு, அவளுக்குத் தெரிந்தது இது இல்லை போலிருக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

"கெல்னர் வீட்டம்மாகிட்ட, அவங்க மீன் உன் மீனைவிட நல்லா இருக்குன்னு சொன்னேன். ஒரு பேச்சுக்குத்தான்."

"அதான் அவ குளிர்காலம் பூரா படிக்கட்டுல என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாளா? பாவம், பல் வலியாக்கும்னு நெனச்சு வேண்டிக்கிட்டேன் நான்." சூப்பில் உப்பைப் போட்டாள். கோபத்தில் மறுபடியும் போட்டாள். நாளை முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க முடியாது என்பதை அவள் நினைக்கவில்லை.

"இப்ப ரெண்டாவது தடவை கேக்கறேன், பிரோஷ்கா. மன்னிச்சிடு."

"மன்னிக்கல. வேற என்ன?"

ஷாமு தலையைக் குனிந்துகொண்டார். "நம்ம பொண்ணு ஆக்னெஷ், தான் விரும்பற அந்தப் பையனைப் பத்தி உன்கிட்ட சொன்னா இல்லையா? அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டா. அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னா. நானும் சொல்லல."

பிரோஷ்கா திரும்பினாள். இத்தனை நேரம் இருந்த கோபம் வேறு, இப்போது முகத்தில் ஏறிய கோபம் வேறு.

"என் பொண்ணு எதையும் முதல்ல என்கிட்டதான் சொல்வான்னு இந்தக் கட்டடம் பூரா பீத்திக்கிட்டு வந்தேனே. நீங்களும் பக்கத்துல நின்னு தலையாட்டினீங்களே. பெத்தவளுக்குக் கடைசியிலயா தெரியணும்?"

"உன் கோபத்துக்குப் பயந்துதான் அவ சொல்லல."

"எனக்கு என்ன கோபம்?" என்று கத்தினாள் பிரோஷ்கா. மேல்மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு உண்மையாகவே வலித்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

"வேற ஒண்ணும் இல்லயே?"

"இல்ல. மூணாவது தடவை கேக்கறேன், மன்னிச்சிடு. மூணு தடவை கேட்டும் மன்னிக்கலேன்னா பாவம் மறுத்தவங்க தலையில. உனக்கே தெரியும்."

"தெரியும். நல்லாவே தெரியும்." அடுப்பை அணைத்தாள். "மன்னிச்சேன். குளம், மீன், ஆக்னெஷ், எல்லாத்தையும். நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, மூணு பெரிய தப்பு. மனசாரத்தான் மன்னிச்சேன்."

ஷாமுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உப்புச் சூப்பை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். உருளைக்கிழங்கு வெள்ளை வெளேரென்று, எங்கும் கருகாமல் தட்டில் இருந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. விரதத்தன்று தோல் செருப்பு ஆகாதென்று துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அங்கியை எடு. வெளிச்சம் போகுது."

பிரோஷ்கா உள்ளே போய் வந்தாள். மடித்த வெள்ளைத் துணியை நெஞ்சோடு அணைத்திருந்தாள், கொடுக்கவில்லை.

"உட்காருங்க."

"இப்பவா?"

"உட்காருங்கன்னா உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் அங்கியை மேசைமேல் விரித்தாள். அவருடைய அப்பாவின் வெள்ளை அங்கி. அதன் முதுகில், நட்ட நடுவில், இஸ்திரிப் பெட்டி முழுசாக, பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது.

"முதல் தடவை கேக்கறேன்" என்றாள் பிரோஷ்கா.