பல்லி பிடித்த நோன்பு

“நல்லரத்தினம், எங்கட பல்லி நோன்பு பிடிக்குது தெரியுமா!”

நோன்புக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்த நல்லரத்தினத்துக்குப் புரையேறியது.

சொன்னவர் அப்துல் கபூர். காத்தான்குடியில் தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவிழ்த்துவிடும் கதைகளில் பாதியை வாவியில் கொட்டினால் மீனெல்லாம் மூச்சு முட்டிச் செத்துவிடும். நல்லரத்தினமும் ஓய்வு பெற்றவர்தான், மிருக வைத்தியர். கபூர் சொல்வதில் ஒன்றையும் நம்பாமல் நாற்பது வருடம் கூட்டாளியாக இருப்பவர்.

“முதல் நோன்பில இருந்து பகல்ல ஒரு பூச்சியத் தொடல்ல. பின்னேரம் பாங்கு சொன்னாத்தான் வாயைத் திறக்கும்!”

“அது சிறுத்தைப் பல்லி. ராவில தின்னுற சாதி. நோன்பும் இல்ல, ஒண்டும் இல்ல.”

“அப்ப இதுக்கு என்ன சொல்றாய்? நோன்பில கடைசிப் பத்து நாள் துவங்கினதில இருந்து ராவிலயும் தின்னுதில்ல. எங்கட ஆக்கள் பள்ளியில தங்கி வணங்குற மாதிரி, அதுவும் பொந்துக்குள்ள போய்த் தனிச்சு இரிக்கிது!”

“தௌபாச் செய்யுங்க, அல்லாஹ்விட்ட மன்னிப்புக் கேளுங்க!” உள்ளேயிருந்து கபூரின் மனைவி ஆமினா உம்மா கத்தினாள். “பல்லிக்கு நோன்பாம். நாளைக்குத் தொப்பியும் தைக்கச் சொல்லுவீங்க.”

நல்லரத்தினத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. “ராவிலயும் தின்னல்லயா? பெட்டியக் கொண்டா.”

பல்லி மருமகன் ரிஸ்கானுடையது. ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிவந்த நாளில், ஒரு கையில் உடுப்புப் பெட்டியும் மறு கையில் இந்தக் கண்ணாடிப் பெட்டியுமாக வந்திறங்கிய மாப்பிள்ளை. இப்போது கட்டாரில் வேலை. பல்லி மாமனார் பொறுப்பில்.

நல்லரத்தினம் அதை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். இரண்டு கண்ணும் மிளகாய் விதை அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. இமை வீங்கி ஒட்டிப்போயிருந்தது.

“கபூர், இது நோன்பு இல்ல. குருடு. பூச்சி கண்ணுக்குத் தெரியல்ல, அதான் தின்னல்ல.”

கபூர் குனிந்து பல்லியின் முகத்தைக் கிட்டப் பார்த்தார்.

“மருமகன் விற்றமின் தூள் ஏதும் தந்தாரா? பூச்சியில தூவிக் குடுக்க?”

கபூர் அலுமாரியிலிருந்து டப்பா ஒன்றை எடுத்துவந்தார். மூடி உடைபடவே இல்லை. “சுவரில ஓடுற பல்லிக்கெல்லாம் ஆர் விற்றமின் குடுக்கிறாங்க எண்டு நினைச்சன்...”

“சுவரில ஓடுறது நூறு வகைப் பூச்சி தின்னும். இதுக்கு நீ குடுக்கிறத விட்டா வேற வழியில்ல. விற்றமின் ஏ இல்லாட்டிக் கண் இப்பிடித்தான் போகும்.”

மகள் ஸில்மியா விம்மத் தொடங்கினாள். “வாப்பா! அவர் பெருநாளைக்கு வாறாரே. போன் எடுத்தா முதல்ல பல்லி எப்பிடி எண்டுதான் கேப்பார். மறுகாதான் நான்!”

அன்றே வைத்தியம் தொடங்கியது. வெதுவெதுப்பான உப்புநீரில் கண்ணைக் கழுவி, இமைக்குள் கட்டியிருந்ததை எடுத்தார் நல்லரத்தினம். விற்றமின் மருந்தை ஊசி முனையளவு வாயில் வைத்தார். கபூர் இன்னும் கொஞ்சம் விடச் சொன்னபோது, “கூடினா அதுவே நஞ்சு” என்று கையைத் தட்டிவிட்டார்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று கண் திறந்தது. ஆனால் பல்லி தின்னவில்லை. அன்று மாலை வானம் முழுக்க முகில். தென்பட்டால் மறுநாள் பெருநாள் என்றிருந்த பிறை தென்படவில்லை. நோன்பு முப்பதாகப் பூர்த்தியாகும் என்று அறிவித்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணி. ரிஸ்கான் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தான். வீடே பெட்டியைச் சுற்றி நின்றது. பல்லியின் வால் நூலாக மெலிந்திருந்தது.

“வாலில இருந்த கொழுப்பெல்லாம் முடிஞ்சுது. இண்டைக்கும் தானாக் கவ்வாட்டி, உயிர் தங்காது” என்றார் நல்லரத்தினம். தூள் தடவிய வெட்டுக்கிளியை இடுக்கியால் நீட்டினார்.

“தின்னு வாப்பா!” கபூர் கெஞ்சினார். “நோன்பு முறிஞ்சாலும் காரியமில்ல. நான் ஊரெல்லாம் சொன்னது பொய்யாப் போகட்டும். நீ தின்னு!”

பல்லி தலையைச் சரித்தது. வெட்டுக்கிளியைப் பார்த்தது. லபக்!

ஸில்மியா கூவிய கூவல் வாவிக்கு அக்கரையில் கேட்டிருக்கும். கபூர் கண்ணைத் துடைத்தார்.

நல்லரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார். “பட்டப்பகல்ல, பத்து மணிக்கு! முப்பதாம் நோன்பை முறிச்சுப் போட்டானே உன்ட பக்திமான்! இனியாவது புளுகை விடு!”

அப்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது.

“அவசர அறிவித்தல்! ஆழ்கடலுக்குப் போன வள்ளக்காரர் சற்று முன் கரை திரும்பியிருக்கிறார்கள். நேற்று மாலை பிறை கண்டதாக அவர்கள் சொன்ன சாட்சி ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று பெருநாள்! எல்லோரும் உடனடியாக நோன்பை விட்டுவிடுங்கள்!”

எல்லோரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். பல்லி வெட்டுக்கிளியின் கடைசிக் காலை நிதானமாக விழுங்கியது.

நல்லரத்தினத்தின் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது.

“ஓம் கபூர்... ஒத்துக்கொள்றன். அது நோன்புதான்.”