பச்சை அடித்த எர்த் பட்டை

கூரைத் தகரத்தின் இடுக்கு வழியே விழும் வெயில் ஈரத் தரையில் நடுங்க, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பின் பெரிய மர டிரம் தோல்களைப் புரட்டியபடி கடகடவென்று சுற்றுகிறது. அதை ஓட்டும் பேனல் பெட்டியில் நம்பர்கள் தாமாகவே மாறித் துடிக்கின்றன. “இந்தப் பேனல் கதவத் தொட்டா சுருக்குன்னு ஷாக் அடிக்குதுண்ணா,” என்று தண்ணீர் சொட்டும் கையைப் புடவையில் துடைக்கிறாள் டிரம் ஓட்டும் அம்பிகா. “எர்த்து இன்னா ஆச்சோ, பாத்துட்டு வர்றேன்,” என்கிறார் எலக்ட்ரீஷியன் ஆல்வின். பெட்டியில் கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் இரும்புப் பட்டை சுவரோரமாக ஓடுகிறது. அதைத் தொடர்ந்து ஷெட் வாசல்வரை நடக்கிறார். ஷாப்பைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று போன வாரம்தான் பட்டைக்குப் பளபளவென்று பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் தோலிலிருந்து வழிந்த உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தட்டுகிறார். உப்பு அரித்ததில் உள்ளே இரும்பே இல்லை. இந்த ஒரு வாரமும் பட்டையாக நின்றது வெறும் பெயின்ட். அது பொலபொலவென்று உதிர்கிறது. “அம்பிகா, பேனலத் தொடாத!” டிரம் இரைச்சலில் அவர் வாய் அசைவது மட்டும்தான் அவளுக்குத் தெரிகிறது. “இன்னாண்ணா? கேக்கல!” அவர் சொல்வது காதில் விழட்டுமென்று டிரம்மை நிறுத்தப் போகிறாள். இன்னும் ஈரம் காயாத கை, பேனலின் சிவப்புப் பட்டனை நோக்கி நீள்கிறது.